கியூப் ரிசல்ட்டை மாற்றிக் கையெழுத்துக் கேட்கிறார்கள், வேலையை விட்டுவிடலாமா?

பெயர், ஊர், நிறுவனம் எதுவும் வெளியே வர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஓர் இளம் பொறியாளர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 27. பி.இ. சிவில் முடித்து, சென்னையை ஒட்டிய ஒரு பகுதியில் ஸ்டில்ட்டுக்கு மேல் ஐந்து மாடியாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்பில் கியூசி (தரக் கட்டுப்பாட்டு) இன்ஜினியராக இருக்கிறார். இரண்டாம் மாடிப் பில்லர்களுக்கு கான்கிரீட் போட்ட அன்று ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு, பிளான்ட்டில் ஏற்றி மூன்று மணி நேரம் கழித்துத்தான் சைட்டுக்கு வந்தது. கலவை இறுகிக் கிடந்ததால் டிரம்முக்குள் ஹோஸை விட்டுத் தண்ணீர் அடித்து, இளக்கிப் போட்டுவிட்டார்கள். எம் 25 கான்கிரீட், அதாவது 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது. அதே கலவையில் வார்த்து வைத்த சோதனைக் கட்டியான கியூபை ஏழாம் நாள் உடைத்தபோது 12 வந்தது. 28ஆம் நாள் சைட்டிலேயே உள்ள மெஷினில் உடைத்த மூன்று கியூபின் சராசரி 18. பிராஜெக்ட் மேனேஜர் பதறவில்லை. கியூரிங் தொட்டியில் எப்போதும் தயாராகக் கிடக்கும் ‘நல்ல கியூப்’ மூன்றை எடுத்து, அந்தப் பில்லர்களின் எண்ணையும் தேதியையும் பெயின்ட்டில் எழுதி வெளி லேபுக்கு அனுப்பினார். 31 என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்றி, இவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான்காம் மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் நடக்கிறது. மூன்றாம் மாடியில் சில பில்லர்களுக்கும் ரிசல்ட் குறைந்திருக்கிறது. அதற்கும் இதே வழியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “டிசைன்லயே ஒன்றரை மடங்கு சேஃப்டி இருக்கு தம்பி, ஒண்ணும் ஆகாது” என்பது மேனேஜர் தரும் தைரியம். தங்கையின் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடனை இவர்தான் அடைக்கிறார். டிகிரி ஒரிஜினல் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர் முன்னால் மூன்று வழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்: பேசாமல் கையெழுத்துப் போடுவது, சத்தமில்லாமல் ராஜினாமா செய்வது, போனில் எடுத்து வைத்திருக்கும் பதிவேட்டுப் படங்களை ஒரு யூடியூப் சேனலுக்கு அனுப்புவது. “உண்மையைச் சொன்னால் கட்டடத்தையே இடிக்க வேண்டி வருமா? வீடு புக் செய்த குடும்பங்களுக்கு நானே கெடுதல் செய்தவனாகிவிடுவேனா?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சொன்ன மூன்று வழிகளிலும் ஒரு காரியம் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பில்லர்களின் உண்மையான வலிமை என்ன என்பதை அளந்து பார்ப்பது. கையெழுத்துப் போட்டாலும் அது தெரியப்போவதில்லை, ராஜினாமா செய்தாலும் தெரியப்போவதில்லை. யூடியூபில் வந்தால் பரபரப்பு வரும். பில்லருக்குள் இருக்கும் கான்கிரீட் என்னவோ அப்படியேதான் இருக்கும். அதனால் நான்காவதாக ஒரு வழியைச் சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் இருக்கும் சில எண்ணங்களைச் சரிசெய்துவிடுவோம். பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

18 என்ற எண் என்ன சொல்கிறது

150 மில்லிமீட்டர் கியூபின் ஒரு முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். 18 வந்தது என்றால் உங்கள் மெஷின் முள் 405 கிலோநியூட்டன் பக்கத்தில் நின்றிருக்கும். எம் 25க்கு அது 562ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு சாம்பிளின் சராசரி 25க்குச் சற்றுக் கீழே போவதை, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 முழுக்க மறுப்பதில்லை. அதற்கும் ஒரு எல்லை உண்டு. 22க்குக் கீழே போனால் ஏற்க முடியாது. 18 அந்த எல்லையைத் தாண்டிக் கீழே கிடக்கிறது.

இங்கே மேனேஜருக்கு நியாயமாக ஒரு வாதம் இருக்க முடியும். கியூப் குறைந்தால் பில்லரும் குறைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கியூபைச் சரியாகக் குத்தாமல் நிரப்பியிருக்கலாம். 27 டிகிரித் தண்ணீரில் கிடக்க வேண்டியதை மணல் குவியல் ஓரமாக வெயிலில் போட்டிருக்கலாம். நம் சைட்டுகளில் இது நடக்காத விஷயமில்லை. அப்படி நடந்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஏழாம் நாள் 12, இருபத்தெட்டாம் நாள் 18, டிரம்முக்குள் ஹோஸ் தண்ணீர் என்று மூன்று தகவல்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. ரெடிமிக்ஸ் லாரியில் ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது ஐஎஸ் 4926 சொல்லும் பொது விதி. மூன்று மணி நேரம் ஆன லாரியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த லாரியின் டெலிவரி சலானில் பேட்ச் போட்ட நேரம் அச்சாகியிருக்கும். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

‘ஒன்றரை மடங்கு சேஃப்டி’

இந்தப் பேச்சைக் கேட்காத இளம் பொறியாளர் இருக்க மாட்டார். எண்ணைத் தப்பாகச் சொல்லவில்லை. கான்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15, சுமைக்கு 1.5 என்று டிசைனில் வைக்கிறோம். அது எதற்காக? சைட்டில் போடும் கான்கிரீட் கியூபில் போட்டதைப் போல அத்தனை நேர்த்தியாக இறுகாது. ஷட்டர் அரை அங்குலம் சாயும். வீட்டுக்காரர் நாளைக்குக் கனமான சாமான்களை ஒரே மூலையில் அடுக்குவார். இப்படி யாரும் வேண்டுமென்று செய்யாத, முன்கூட்டியே தெரியாத குறைகளுக்காக ஒதுக்கி வைத்தது அது. தெரிந்தே செய்த குறைக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால், தெரியாத குறைகளுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300க்கு 450 மில்லிமீட்டர் பில்லர், ஆறு 16 எம்எம் கம்பி, எஃப்இ 500 ரகம். நேர்சுமைக்கு எம் 25ஆக இருந்தால் அதன் டிசைன் தாங்குதிறன் சுமார் 1740 கிலோநியூட்டன். கான்கிரீட்டை 18 என்று வைத்துப் போட்டால் 1367. இருபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. எடையாகச் சொன்னால் ஒரு பில்லருக்கு 38 டன். இது உதாரணத்துக்கு நான் எடுத்த பில்லர்தான். உங்கள் டிராயிங்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. மூலைப் பில்லருக்கு வளைவும் நிலநடுக்கச் சுமையும் சேரும்போது படம் இன்னும் மாறும். போட்டுப் பார்த்தபின் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்ல உங்களுக்கே வாய் வராது.

உடனே விழுந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று முழுச் சுமையும் ஏறவில்லை. செங்கல் சுவர், பூச்சு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள் எல்லாம் இனிமேல்தான் வரப்போகிறார்கள். ஒவ்வொரு தளம் ஏறும்போதும் அந்தப் பில்லரின் மேல் பாரம் கூடும், அதைச் சரிசெய்யும் செலவும் கூடும். அதனால்தான் நாள் முக்கியம்.

இடிக்க வேண்டிவருமா?

உங்களை அதிகமாக வாட்டும் கேள்வி இதுதான் என்று தெரிகிறது. பெரும்பாலும் இல்லை.

கியூப் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 456லேயே வழி இருக்கிறது. முதலில் பில்லரை உடைக்காமலேயே பார்க்கும் ரீபவுண்ட் ஹேமரும் அல்ட்ராசோனிக் சோதனையும் வைத்து எந்தெந்தப் பில்லர் சந்தேகத்துக்கு உரியது என்று பிரிப்பார்கள். பிறகு கட்டமைப்பை டிசைன் செய்த ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் காட்டும் இடத்தில், கம்பியை வெட்டாமல் கோர், அதாவது உருளை வடிவக் கான்கிரீட் துண்டு, துளைத்து எடுப்பார்கள். குறைந்தது மூன்று. கோர்களிலிருந்து கணக்கிட்ட கியூப் வலிமையின் சராசரி, தேவையான வலிமையில் 85 சதவீதம் இருந்து, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் அந்தக் கான்கிரீட்டை ஏற்றுக்கொள்ளலாம். எம் 25க்கு இது சராசரி 21.25, தனிக் கோர் 18.75. உங்கள் பில்லர்கள் இதில் தேறிவிடவும் கூடும். அப்படியானால் நேர்மையான வழியிலேயே எல்லாருக்கும் நிம்மதி.

தேறாவிட்டாலும் கதை முடியவில்லை. கிடைத்த வலிமையைப் போட்டு டிசைனைத் திரும்பச் சரிபார்ப்பார்கள். சில பில்லர்களுக்கு டிசைனில் தேவையைவிடக் கூடுதல் கம்பியும் அளவும் இருந்திருக்கும், அவை தப்பிக்கும். மீதிக்கு ஜாக்கெட்டிங். பழைய பில்லரைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போர்வை. பெட்ரூம் மூலையில் பக்கத்துக்கு நான்கு அங்குலம் போகும், பில்டருக்கு லட்சங்களில் செலவாகும், இரண்டு மாதம் தள்ளிப்போகும். வாங்குபவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் வீடு நிற்கும். இதை இன்று செய்தால் சுவர் இல்லை, டைல்ஸ் இல்லை, குடிவந்த குடும்பம் இல்லை. மூன்று வருடம் கழித்து விரிசல் கண்டு செய்தால் அத்தனையையும் பெயர்க்க வேண்டும்.

ஆக, கியூப் தோற்றது திருத்தக்கூடிய ஒரு பிரச்சினை. அதைத் திருத்துவதற்கான ஒரே வாசலை அடைப்பது பதிவேட்டில் உள்ள 31. ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் நாளை பதிவேட்டைப் புரட்டினால் 31ஐப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

நியூயார்க்கில் சிட்டிகார்ப் சென்டர் என்று 59 மாடிக் கட்டடம் ஒன்று 1977இல் எழும்பியது. வில்லியம் லெமெஷூரியர் அதன் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர். கட்டடத்தைத் தாங்கும் கால்கள் நான்கு மூலைகளில் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கும்படியான வடிவமைப்பு. கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த பிறகு, 1978இல், மூலைவாட்டாக வீசும் காற்றுக்கு அது போதாது என்று அவருக்கே தெரியவந்தது. வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளை போல்ட் வைத்து முடித்திருந்ததால் ஆபத்து இன்னும் கூடியிருந்தது. பெயர் கெடும், வழக்கு வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். தானே போய் உரிமையாளரிடமும் நகர அதிகாரிகளிடமும் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளின் மேல் தடித்த இரும்புத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு: உள்ளே வேலை செய்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லவில்லை, 1995 வரை ஊருக்கே தெரியாது. அதைத் தப்பு என்று சொல்பவர்கள் பக்கம்தான் நானும். உங்கள் வீடுகளை வாங்குபவர்களுக்கும் பழுது பார்த்த விவரம் ஒருநாள் எழுத்தில் போய்ச்சேர வேண்டும்.

முதலில் யாருடைய உயிர்?

நீங்கள் வீடு வாங்கிய குடும்பங்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் குடிவர இன்னும் ஒரு வருடம் ஆகும். இன்று அந்தப் பில்லர்களுக்குக் கீழேயும் மேலேயும் நிற்பது சென்ட்ரிங் ஆட்களும் கம்பி கட்டுபவர்களும். பல சைட்டுகளில் அவர்கள் கீழ்த்தளத்திலேயே தங்கவும் செய்கிறார்கள். உங்கள் சைட்டில் அப்படித் தங்கியிருந்தால் உடனே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு இன்னும் யாரும் குடிவந்திருக்கவில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் இருந்த அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

உங்கள் கையெழுத்து எவ்வளவு கனம்?

“நான் வெறும் சைட் ஆள், பொறுப்பு கன்சல்டன்டுக்குத்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. டிசைன் அவர் பொறுப்பு. ஆனால் டிசைனில் எழுதிய எம் 25 பில்லருக்குள் போனதா என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் சாட்சி உங்கள் பதிவேடுதான். கான்சஸ் சிட்டி ஹையட் ரீஜென்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தபோது, தொங்கு கம்பியின் அமைப்பை மாற்றச் சொன்னது இரும்பு வேலைக்காரர்கள்தான் என்ற வாதம் வந்தது. அந்த மாற்றம் இருந்த டிராயிங்கில் பொறியாளரின் முத்திரை இருந்தது. பொறுப்பாக இருந்த இருவரின் உரிமமும் மிசௌரி மாநிலத்தில் பறிபோனது.

நம் நாட்டில் நிலைமை வேறு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் சட்டப்படி கவுன்சில் இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் உறுதியான எண்ணம். தப்புச் செய்தவரைத் தொழிலை விட்டு நிறுத்த ஆள் இல்லை, மறுத்து நிற்பவருக்குப் பின்னால் நிற்கவும் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், ஸ்ட்ரக்சுரல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் என்று தனித்தனியாகப் பொறுப்பு வைக்கின்றன. உங்கள் பெயர் அந்தப் படிவங்கள் எதிலாவது போயிருக்கிறதா என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போயிருந்தால் விலகும்போது அனுமதி கொடுத்த அமைப்புக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை.

குற்றவியல் சட்டம் பதவியைப் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைந்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் இது இரண்டு வருடம்தான். குறை தெரிந்தே மறைத்ததாக ஆனால் கவனக்குறைவு என்பதோடு நிற்காது, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105ஆவது பிரிவுக்குப் போகலாம். பொய்ப் பதிவேடு தனிக் குற்றம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. “கையெழுத்துதானே, போட்டுட்டுப் போ” என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே போட்ட கையெழுத்து உங்களை உறுத்துகிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், மேலே எழுதித் திருத்தாதீர்கள், பழைய தேதி போட்டு எதையும் சேர்க்காதீர்கள். எது செய்தாலும் இன்னொரு பொய்யாகப் பார்க்கப்படும். அந்தப் பதிவு அந்தப் பில்லர்களின் கியூப் இல்லை என்று இன்றைய தேதியில் எழுத்தில் தெரிவிப்பதுதான் வழி. அதை அனுப்பும் முன் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நான் பொறியாளர், அந்தக் கடிதத்தின் வார்த்தைகளை அவர்தான் பார்க்க வேண்டும். அவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகலாம். பில்லர் பற்றிய எச்சரிக்கையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு காகிதங்கள்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட். அவரைக் கம்பெனி ஆளாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள்: இந்த விஷயம் தெரியாமல் இருப்பதால் உங்களைவிட அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். கம்பி சந்தேகத்துக்கு சைட்டிலிருந்து அவருக்கு தினமும் போன் போகிறது, இதற்கும் போகலாம். போனில் சொல்லிவிட்டு, அன்றே அவருக்கும் மேனேஜருக்கும் நிறுவன இயக்குநருக்கும் சேர்த்து ஒரு மெயில். நாலு வரி போதும்: இன்ன தேதியில் போட்ட இரண்டாம் மாடிப் பில்லர்கள், சைட்டில் உடைத்த கியூப் ரிசல்ட் ஏழாம் நாள் 12, இருபத்தெட்டாம் நாள் 18, தேவை 25. கான்கிரீட் வந்து சேர்ந்த நேரமும் தண்ணீர் சேர்த்த விவரமும். மூன்றாம் மாடியில் குறைந்த ரிசல்ட்டுகள். பில்லர்களின் வலிமை உறுதியாகும் வரை மேலே கான்கிரீட் போட வேண்டாம், கோர் டெஸ்ட்டுக்கு உங்கள் அறிவுரை தேவை. அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் சாட்டாதீர்கள், கியூப் மாற்றியதை இந்த மெயிலில் இழுக்காதீர்கள். மேனேஜர் தானாகத் திருந்த இது ஒரு வாய்ப்பு. பல சமயம் மேலிடத்துக்கு விஷயமே தெரிந்திருக்காது. தெரிந்ததும் வேலையை நிறுத்திய பில்டர்களும் உண்டு.

மூன்றாம் மாடிக் கையெழுத்துக்கு நிதானமாக ஒரே பதில்: “சார், சைட்டில் உடைத்த ரிசல்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வேறு எண்ணுக்கு என்னால் முடியாது.” குரலை உயர்த்த வேண்டாம். வாய்மொழியாக “எல்லாம் கன்சல்டன்ட்கிட்ட பேசிட்டோம்” என்றால், இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள் என்று அதையும் மெயிலில் போட்டு வையுங்கள். படங்கள், சலான் நகல், மெயில்களை உங்கள் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் மூலத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது திருட்டுப் புகாருக்கு வழி. வீட்டில் ஒருவருக்காவது முழு விஷயமும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு மூன்று நாளில் பதில் இல்லை, அல்லது நான்காம் தளத்துக்குக் கான்கிரீட் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். கட்டட அனுமதி கொடுத்த அமைப்புக்கு, உங்கள் பகுதி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் வந்தால் சிஎம்டிஏவுக்கும் உள்ளாட்சிக்கும், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவானதாக இருந்தால் தமிழ்நாடு ரெராவுக்கும் ஒரு நகல். புகார் வந்தாலோ தானாகவோ விவரம் கேட்டு விசாரிக்க ரெரா சட்டத்தின் 35ஆவது பிரிவில் அதற்கு அதிகாரம் உண்டு. அதே சட்டத்தின் 14ஆவது பிரிவில், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. இயக்குநரிடம் பேச நேர்ந்தால் இதை நினைவூட்டுங்கள். இன்றைய ஜாக்கெட்டிங் செலவு அவருக்குச் சின்னதாகத் தெரியும்.

யூடியூப் வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் பாயும். விவாதம் பில்லரிலிருந்து உங்கள் பக்கம் திரும்பிவிடும். ‘விசில் ஊதுபவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2014இல் நிறைவேறிய அந்தச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் சைட்டில் உங்களுக்கு அது குடையாகாது. உங்களுக்குப் பாதுகாப்பு தேதியோடு எழுதிய மெயில்தான்.

வேலையும் கடனும்

சத்தமில்லாமல் ராஜினாமா செய்வதை ஏன் முதல் வழியாகச் சொல்லவில்லை என்று நினைக்கலாம். தென் கொரியாவில் சம்பூங் கடை வளாகத்தைக் கட்ட வந்த முதல் ஒப்பந்ததாரர், உரிமையாளர் கேட்ட மாற்றங்களைச் செய்ய மறுத்தார். அவரை நீக்கிவிட்டு உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்தை வைத்தே கட்டி முடித்தார். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்து 502 பேர் இறந்தார்கள். மறுத்தவரிடம் குறை காண மாட்டேன். ஆனால் நல்லவர் ஒருவர் விலகியதால் மட்டும் கட்டடம் பலமாகிவிடவில்லை. நீங்கள் போனதும் அந்த நாற்காலிக்கு இன்னும் இளைய பையன் ஒருவன் வருவான். 31ஐ அவன் உண்மை என்று நம்புவான். அதனால் மெயில் முதலில், ராஜினாமா அப்புறம்.

வேலை போகாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. போகலாம். மெயில் போன மாலையே சைட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். ஆகவே இந்த வாரமே வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். டெஸ்டிங் லேபுகள், ஆர்எம்சி பிளான்ட்களின் தரப் பிரிவு, பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்சிகள் எல்லாம் உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு மூன்று மாதத் தவணைக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று இப்போதே பேசுங்கள். மகன் எதற்காகத் தூங்காமல் இருக்கிறான் என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

டிகிரி ஒரிஜினலைப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. திருப்பித் தரும்படி எச்ஆருக்குத் தனி மெயில் போடுங்கள். மறுத்தால் அதே வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் போலீஸ் புகார். புது இடத்து நேர்காணலில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பழைய நிறுவனத்தின் பெயரை இழுக்காமல், “சோதனை முடிவுகளைப் பதிவு செய்வதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். தரப் பிரிவுக்கு ஆள் எடுப்பவருக்கு அதன் அர்த்தம் புரியும்.

கன்சல்டன்டிடம் பேசிய பிறகு அவர் என்ன சொன்னார், தளக் கான்கிரீட் நின்றதா என்று எழுதுங்கள். கோர் ரிசல்ட் வந்தால் எண்களையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.